ஏழாம் மாதத்தில் மேட்டுத் தெரு

அத்தியாயம் 11

கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது.

நேற்று மாலை தபால் பிரிக்கும்போது அது தபால்காரியான மருமகளின் கையில்தான் வந்து விழுந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. பெறுநர், போஸ்ட் மாஸ்டர். நீல மை. ஒவ்வொரு எழுத்தும் வரிசையில் நிற்கும் மாணவியைப் போல விறைப்பாக நின்றது. நான்கு வருடமாக வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் 'குழாயை மூடவும்', 'பால் தீர்ந்தது' என்று தினமும் படிக்கிற கையெழுத்து.

தபால்காரியைப் பற்றிய புகாரைத் தபாலிலேயே போடலாம் என்று அவளுடைய மாமியாருக்கு மட்டும்தான் தோன்றும்.

உள்ளே என்ன என்று ஊகித்தும் அவள் உறையைப் பிரிக்கவில்லை. போஸ்ட் மாஸ்டரின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். கடிதம் யார் பெயருக்கு வந்ததோ அவருக்குத்தான். வீட்டுக்கு வந்து வாயும் திறக்கவில்லை.

காலை ஆறரை. சமையலறை.

இந்த ஏழு மாதத்தில் வீட்டில் நாற்காலிகள் இடம் மாறியிருந்தன. அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று. குளியலறை வாசலில் ஒன்று. மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒன்று. எல்லாம் மாமியாரின் ஏற்பாடு.

"அம்மா, இது வீடா, ஆஸ்பத்திரி வராண்டாவா? எங்க டிப்போல கூட இத்தனை சேர் கிடையாது" என்றான் மகன். பஸ் டிரைவர். சீருடையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"வாயை மூடிட்டு சாப்பிடுடா. நாள் முழுக்க உக்காந்திருக்கிற உனக்கு இடுப்பு வலி. நாள் முழுக்க நடக்கிறவ ஒரு வார்த்தை சொல்றாளா பாரு."

"வலிச்சாத்தானே சொல்லுவா."

"வலிச்சாலும் சொல்ல மாட்டா. அதான் எனக்குப் பயம்."

ஊரில் மாமியாருக்கு விசில் டீச்சர் என்று பெயர். பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருடம் விளையாட்டு ஆசிரியை. காய்ச்சல் என்று வந்து நின்றவளிடம், "அப்படின்னா மெதுவா ஓடு" என்றவர். மைதானத்தில் ஒருத்தியையும் உட்கார விட்டதில்லை. அதே டீச்சர் இப்போது மருமகளை நிற்க விடுவதில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் லீவு போடேன்" என்றார் மருமகளிடம்.

"எதுக்கு அத்தை?"

"எதுக்கா? கண்ணாடியில பாரு, தெரியும்."

"பார்த்தேன். நல்லாத்தான் இருக்கேன்."

மகன் சிரித்தான். டீச்சர் துடைத்த மேசையை மறுபடி துடைத்தார். மருமகள் ஷூ மாட்டிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லுவார் என்று ஒரு நிமிடம் காத்திருந்தாள்.

"முட்டையை மீதி வெக்காதே" என்றார் டீச்சர். அவ்வளவுதான்.

*

போஸ்ட் மாஸ்டர் ஒரு பெண். நாற்பத்தைந்து வயது. மேசையில் அந்தக் கடிதம் பிரிந்து கிடந்தது.

"உக்காரு."

"நிக்கிறேன் மேடம்."

"எல்லாரும் உன்னை உக்கார வெக்கப் பார்க்கிறாங்க, நீ நின்னுக்கிட்டே இரு. இதைப் படி."

கடிதத்தில் நான்கு வரி. நான்குக்கும் எண் போட்டிருந்தது. ஒன்று, மேற்படி ஊழியர் ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டு, மேட்டுத் தெருவில் நூற்று எண்பத்தாறு படிகள். மூன்று, முப்பத்தொரு வருட உடற்கல்வி அனுபவத்தில் சொல்கிறேன், இது தகாது. நான்கு, உடனே உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றவும். 'உடனே' என்பதன் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு.

பெயர் மட்டும் இல்லை.

"இந்தக் கையெழுத்துல எனக்கு மூணு வருஷம் மார்க் வந்திருக்கு" என்றார் போஸ்ட் மாஸ்டர். "நீளம் தாண்டறதுல நூத்துக்கு முப்பத்தெட்டு. கூட ரெண்டு மார்க் கேட்டு அழுதேன். போடலை."

"தெரியும் மேடம். நான்தான் இதை உங்க மேசையில வெச்சேன்."

"யாரு எழுதினதுன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

போஸ்ட் மாஸ்டர் குரலைத் தணித்தார்.

"கிழிச்சுப் போட எனக்கும் ஆசைதான். ஆனா உள்ளே வந்த தபாலுக்கு நம்பர் விழுந்தாச்சு. புகார்னா விசாரிக்கணும். மேல ஆபீஸ்ல இருக்கிற பெரியவரைப் பத்தித் தெரியுமில்ல? மேட்டுத் தெருவுக்கு ஆள் ஏறிப் போறது வீண், அடிவாரத்துல பெட்டி வெச்சிட்டா வேணுங்கிறவங்க இறங்கி வந்து எடுத்துப்பாங்கன்னு ரெண்டு வருஷமா எழுதிட்டிருக்காரு. நீ ஒரு வாரம் கவுண்டர்ல உக்காந்தா போதும். பெட்டி வந்துடும். பிரசவம் முடிஞ்சு நீ திரும்பும்போது உன் பீட்டே இருக்காது."

தபால்காரர் தினமும் போகும் சுற்றுக்கு பீட் என்று பெயர். மேட்டுத் தெரு பீட்டை யாரும் கேட்டு வாங்கியதில்லை. தண்டனையாகக் கொடுப்பார்கள். அவள் கேட்டு வாங்கினாள். நான்கு வருடத்தில் ஒரு கடிதம் கூட "கதவு பூட்டியிருந்தது" என்று திரும்பி வந்ததில்லை.

"என்ன செய்யணும் மேடம்?"

"ஒரு முழு பீட் நடந்து காட்டணும். மூணரை மணி நேரம். பத்து நிமிஷம் முன்னப் பின்ன இருக்கலாம். கூடவே ஒரு சாட்சி வரணும். ஆபீஸ் ஆளா இருக்கக் கூடாது. உடம்பு, பயிற்சி பத்தி விவரம் தெரிஞ்சவங்களா இருக்கணும்." போஸ்ட் மாஸ்டர் போனை எடுத்தார். "எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல அப்படி ஒருத்தர்தான் இருக்காங்க."

இருபது நிமிடத்தில் விசில் டீச்சர் வந்து நின்றார். வெள்ளை கான்வாஸ் ஷூ. கழுத்தில் ஸ்டாப் வாட்ச். மருமகளைப் பார்த்ததும் ஒரு நொடி நின்று, பிறகு நிமிர்ந்தார்.

"யாரோ ஒருத்தர் புகார் எழுதியிருக்காங்க டீச்சர்" என்றார் போஸ்ட் மாஸ்டர். "பேர் போடலை."

டீச்சர் தன் கடிதத்தை வாங்கிக் கையை நீட்டித் தூர வைத்துப் படித்தார்.

"விவரமாத்தான் எழுதியிருக்காங்க" என்றார்.

போஸ்ட் மாஸ்டர் இருமினார். மருமகள் ஜன்னலைப் பார்த்தாள்.

"டாக்டர் சர்ட்டிஃபிகேட்டும் இருக்கு. எல்லாம் சரியா இருக்கு, நடக்கலாம், பை நாலு கிலோவுக்கு மேல வேண்டாம்னு போட்டிருக்கு. இன்னொண்ணு. பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினா வேகம் அதிகம்னு அர்த்தம். அதனால நீங்க ரெண்டு பேரும் வழி முழுக்கப் பேசிக்கிட்டே போங்க. இவளுக்குப் பேச்சு நின்னா பீட் அங்கேயே நின்னுது. சரியா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு வருடத்தில் அவர்கள் சேர்ந்தாற்போல் மூன்று நிமிடம் பேசியதில்லை.

*

ஒன்பதரைக்குக் கிளம்பினார்கள். தள்ளுவண்டியில் தபால். டீச்சர் ஸ்டாப் வாட்சை அழுத்தினார்.

"மூச்சு?"

"சரியா இருக்கு அத்தை."

"கால்?"

"இருக்கு."

"கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லு."

"ரெண்டு கால் இருக்கு."

முதல் தெரு முழுக்க இப்படியே போயிற்று. சாலையைக் கடக்கும்போது சிக்னலில் ஒரு பஸ் நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"அம்மா! நீயும் தபால் வேலையில சேர்ந்துட்டியா?"

"நாங்க பேசிக்கிட்டிருக்கோம். குறுக்கே வராதே. ரோட்டைப் பாரு" என்றார் டீச்சர்.

பின்னால் ஹாரன்கள். பஸ் போயிற்று. மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. டீச்சருக்கும் வந்திருக்க வேண்டும். காட்டவில்லை.

மேட்டுத் தெருவின் அடிவாரத்தில் ஒரு சலவைக் கடை. தள்ளுவண்டி அங்கே நிற்கும். ஐந்தாம் மாதத்திலிருந்து மருமகள் தபாலை மூன்று கட்டாகப் பிரித்து வைக்கிறாள். ஒரு கட்டை எடுத்துக்கொண்டு ஏறுவாள். அடுத்த இரண்டையும் சலவைக் கடையிலிருந்து துணி கொண்டு போகிற வண்டி வேறு வழியாக மேலே சுற்றிப்போய், இரண்டு இடத்தில் இறக்கிவிடும். தோளில் எப்போதும் மூன்று கிலோவுக்கு மேல் இருக்காது.

"இது யாரு சொன்ன யோசனை?" என்று கேட்டார் டீச்சர்.

"யாரும் சொல்லலை."

டீச்சர் பையை வாங்கி ஒரு முறை தூக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

கடைக்காரி இஸ்திரிப் பெட்டியோடு வெளியே வந்தாள். "என்ன டீச்சர், மருமகளுக்குக் காவலா? நான்லாம் நிறைமாசத்துல இதைத் தூக்கித் தேய்ச்சேன். சாயங்காலம் வரைக்கும் தேய்ச்சுட்டு ராத்திரி பெத்தேன். இவளுக்கு என்ன கேடு?"

பத்து வீடு தள்ளி, ஒரு அம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்தாள். "ஐயோ, இந்த வயித்தோட படி ஏறலாமா? நான் ஒன்பது மாசமும் கட்டிலை விட்டு இறங்கலை தெரியுமா? என்ன பொம்பளைங்களோ இந்தக் காலத்துல."

டீச்சர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். மருமகள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

"தினமும் இதேதானா?"

"தினமும்தான். ஒருத்தர் பயமுறுத்துவாங்க. ஒருத்தர் பெருமையடிப்பாங்க. உனக்கு எப்படி இருக்குன்னு மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க."

டீச்சர் ஸ்டாப் வாட்சைப் பார்த்தார். நினைவு வந்தவராக, "பேசு, பேசு" என்றார்.

எதைப் பேசுவது? மேல் ஆபீஸ் பெரியவர் எழுதுகிற பெட்டியைப் பற்றிச் சொன்னாள் மருமகள், பிறகு வீடுகளைப் பற்றி. இந்த வீட்டில் காது கேட்காது, ஜன்னல் கம்பியில் தட்டினால் அதிர்வு தெரிந்து வருவார். இங்கே நாய் குரைக்கும், கடிக்காது. அங்கே குரைக்காது. அந்தப் பச்சைக் கதவுக்கு வெளிநாட்டிலிருந்து மகன் மாதம் ஒரு அட்டை போடுவான், நின்று படித்துக் காட்ட வேண்டும். இந்த வீட்டில் இறந்துபோன மனைவியின் பெயருக்கு இன்னும் தபால் வருகிறது. கணவர் வாங்கிக்கொள்வார். திருப்பி அனுப்பச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

கதவுக்குள்ளிருந்து கை நீண்டது. உறையை வாங்கிக்கொண்டது. கதவு மூடியது. இருவரும் நடந்தார்கள்.

டீச்சரின் காது பேச்சில் இருந்தது. கண் வேறு இடத்தில் இருந்தது. அது பழக்கம். ஒருத்தி ஓடினால் முகத்தைப் பார்க்க மாட்டார், பாதத்தைப் பார்ப்பார்.

மருமகள் மேட்டில் நேராக ஏறவில்லை. தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சாய்வாகப் போனாள். தூரம் கூடியது, ஏற்றம் குறைந்தது. அடி சிறியதாக இருந்தது. முழுப் பாதமும் பதிந்த பிறகே அடுத்த கால் எழுந்தது. படி வந்ததும் இடது கை கம்பிக்குப் போயிற்று. தபால் வலது கையில். வயிறு முன்னால் இழுக்கிற கணக்குக்கு முதுகு பின்னால் வளையவில்லை. இடுப்பு நேராக இருந்தது.

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்க வந்தது டீச்சருக்கு. பதில் தெரிந்ததால் கேட்கவில்லை.

*

நூற்று எண்பத்தாறு படிகள் ஒரே மூச்சில் கிடையாது. நான்கு பகுதி. இரண்டாவது பகுதியின் நடுவில் மருமகள் சொன்னாள்.

"அந்தக் கடிதத்தை மேடம் மேசையில வெச்சது நான்தான் அத்தை."

டீச்சரின் கால் நின்றது.

"தபால் பிரிக்கறப்போ என் கைக்குத்தான் வந்துது. கையெழுத்து தெரியாதா எனக்கு?"

டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது. மைதானத்தில் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவர். பிடிபட்டுப் பழக்கமில்லை.

"பிரிச்சுப் பார்த்தியா?"

"பிரிக்கல. அது என் தபால் இல்ல."

"கிழிச்சிருக்கலாமே."

"கிழிக்கலாம். அப்புறம் நான் என்ன தபால்காரி?" ஒரு படி ஏறினாள். "நேர்ல சொல்லியிருக்கலாம் நீங்க. நாலு வருஷமா ஒரே வீட்லதானே இருக்கோம். பேசுங்க அத்தை. பேச்சு நிக்கக் கூடாது."

"அது உனக்குச் சொன்னது."

"நீங்க பேசினாத்தானே நான் பதில் பேச முடியும்?"

டீச்சர் ஆறு படி ஏறினார். ஏழாவது படியில் ஆரம்பித்தார். யாரையும் பார்க்காமல், படியைப் பார்த்து.

"இருபத்தி நாலு வயசு எனக்கு. நாலாம் மாசம். வேலையில சேர்ந்து முதல் வருஷம். விளையாட்டு விழாவுல டீச்சருங்களுக்கு ரிலே ஓட்டம் வெச்சாங்க. கடைசி ஆளா ஓடினேன். ஜெயிச்சோம். கப்பு இன்னும் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் இருக்கு." நிறுத்தினார். "மறுநாள் ராத்திரி எல்லாம் போச்சு."

மருமகள் ஏறுவதை நிறுத்தவில்லை. அவருடைய வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.

"'ஓடி ஓடி உதறிட்டா'ன்னு என் மாமியார் சொன்னாங்க. வீட்டுக்கு வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் சொன்னாங்க. அடுத்தது இவன் உண்டானப்போ ஏழு மாசம் கட்டில்ல கிடந்தேன். தலை கூட நானா வாரிக்கல. இவன் நல்லபடியா பொறந்தான். அப்புறம் நான் என்னன்னு நினைப்பேன்? நீயே சொல்லு."

"டாக்டர் யார்கிட்டயாவது கேட்டீங்களா? அது ஓடினதாலதானான்னு?"

"கேக்கலை."

"ஏன்?"

"ஆமான்னு சொல்லிட்டா?"

மருமகள் ஒரு வீட்டில் இரண்டு உறைகளைப் போட்டுவிட்டு வந்தாள்.

"வியாழக்கிழமை எனக்கு செக்கப். கூட வாங்க. கேளுங்க. முப்பத்தஞ்சு வருஷமா நீங்களே உங்களுக்கு மார்க் போட்டுக்கிட்டிருக்கீங்க. வேற யாராவது பேப்பரைத் திருத்தட்டும்."

டீச்சர் கம்பியைப் பிடித்து அடுத்த படியில் கால் வைத்தார்.

*

கடைசிப் பகுதி. மேலே இன்னும் பதினொரு வீடுகள்.

மருமகள் சட்டென்று நின்றாள். கை வயிற்றுக்குப் போயிற்று.

"என்ன?"

"இறுகுது."

டீச்சரின் கை ஸ்டாப் வாட்சுக்குப் போனது. மறு கை மருமகளின் தோளைப் பிடித்தது. சற்று முன்தான் அந்தப் பழைய ராத்திரியைச் சொல்லியிருந்தார்.

"உக்காரு. மெதுவா. என் மேல சாஞ்சுக்கோ."

மருமகள் படியில் உட்கார்ந்தாள். நாற்காலிகள் நிறைந்த வீட்டில் ஒரு நாள் கூட உட்காராதவள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

"வலிக்குதா?"

"வலி இல்ல. கல்லு மாதிரி ஆகுது. டாக்டர் சொல்லியிருக்காங்க. இது வரும், உக்காந்து தண்ணி குடிச்சா போயிடும். போகாம திரும்பத் திரும்ப வந்தா, ஒரு மணி நேரத்துல நாலு தடவைன்னா, உடனே போன் பண்ணச் சொன்னாங்க. ரத்தம், தண்ணி எது பட்டாலும் அப்பவே."

"பட்டுதா?"

"இல்ல."

நாற்பத்திரண்டு வினாடியில் இறுக்கம் தளர்ந்தது. டீச்சர் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிடம். எட்டு. பன்னிரண்டு. திரும்ப வரவில்லை. உள்ளே குழந்தை உதைத்தது. மருமகள் டீச்சரின் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். இன்னொரு உதை.

அந்தப் படியில் டீச்சர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சாட்சி அவர்தான். 'நிறுத்து' என்றால் பீட் நின்றுவிடும். அவர் எழுதிக் கேட்டது அப்படியே கிடைத்துவிடும். நாளையிலிருந்து மருமகள் கவுண்டரில். மேட்டுத் தெருவுக்கு அடிவாரத்தில் பெட்டி.

முப்பத்தொரு வருடம் எழுந்திரு, உட்கார், ஓடு, நில் என்று மட்டுமே சொன்னவர். கேள்வி கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

"உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் உடம்பு. நீதான் சொல்லணும். இறங்கலாம்னா இறங்கலாம், தப்பே இல்ல. போகலாம்னா போகலாம்."

மருமகள் அவசரப்படவில்லை. கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, தனக்குள் எங்கெங்கோ போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நல்லா இருக்கேன் அத்தை. பதினொரு வீடு. மெதுவாப் போலாம். மறுபடி இறுகினா அங்கேயே நிறுத்திடறேன். நானே சொல்றேன்."

"சரி" என்றார் டீச்சர். கையைக் கொடுத்தார். மருமகள் பிடித்து எழுந்தாள்.

பதினொரு வீடு. பத்தாவது வீட்டுக்காரர் கேட்டார், "என்ன தபால்காரம்மா, இந்த நிலைமையில உங்களைப் போய் ஏற விடுறாங்களே, வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?"

"இருக்கேனே" என்றார் டீச்சர். "கூடத்தான் வந்திருக்கேன். அவ ஏர்றா. யாரும் ஏற விட வேண்டியதில்ல."

இறுக்கம் மறுபடி வரவில்லை.

*

தபால் நிலையத்துக்குத் திரும்பும்போது ஒரு மணி தாண்டியிருந்தது. போஸ்ட் மாஸ்டர் படிவத்தை நீட்டினார். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மருமகளும் உட்கார்ந்தாள், யாரும் சொல்லாமல்.

சுற்று முடிந்ததா? 'முடிந்தது.'

நேரம்? 'மூன்று மணி முப்பத்தொன்பது நிமிடம். இடையில் பன்னிரண்டு நிமிடம் ஓய்வு.'

"ஒன்பது நிமிஷம் கூட" என்றார் போஸ்ட் மாஸ்டர். "ஓய்வை எழுத வேண்டாமே டீச்சர்."

"நடந்ததைத்தான் எழுதுவேன். உனக்கும் அப்படித்தானே போட்டேன்?"

"ஆமா. முப்பத்தெட்டு." போஸ்ட் மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, பத்து நிமிஷம் சலுகை இருக்கு. ஒரு நிமிஷத்துல தப்பிச்சா."

குறிப்பு என்ற கட்டத்தில் டீச்சர் நெடுநேரம் எழுதினார். போஸ்ட் மாஸ்டர் வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

"'முப்பத்தொரு வருடத்தில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். மேட்டில் எங்கே கால் வைப்பது, எங்கே நிற்பது, எப்போது உட்காருவது என்று இவளைப் போலத் தெரிந்த ஒருத்தியைப் பார்த்ததில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். அதுவே இவள் நடக்கத் தகுதியானவள் என்பதற்கு அத்தாட்சி.'"

மருமகள் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசிக் கட்டம் ஒண்ணு இருக்கு" என்றார் டீச்சர். "ஊழியருக்கும் சாட்சிக்கும் உள்ள உறவு."

"அதை வெறுமனே விட்டுடுங்க. நான் கவனிக்கலை."

"ஏன்?"

"சொந்தக்காரங்க சாட்சி செல்லாது டீச்சர். வெறுமனே விட்டா யாரும் கேக்க மாட்டாங்க. எழுதினா இன்னைக்கு நடந்ததெல்லாம் வீணாயிடும். வேற சாட்சியோட முதல்ல இருந்து நடக்கணும்."

டீச்சர் பேனாவை மூடவில்லை.

"மேல இவ்வளவு எழுதியிருக்கேன். யார் சொன்னதுன்னு தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சா செல்லாதுன்னுதானே சொல்றேன்."

"ஒரு தடவை மறைஞ்சு நின்னு எழுதினேன். அது எனக்கு ஒத்துக்கலை." மருமகள் பக்கம் திரும்பினார். "ஆனா நடக்கப் போறவ நீ. நீ சொன்னா எழுதறேன். வேண்டாம்னா மூடி வெச்சிடறேன்."

மருமகள் ஷூ நாடாவைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். கால் கொஞ்சம் வீங்கியிருந்தது.

"நாளைக்கும் தபால் வரும்ல அத்தை? எப்படியும் நடக்கத்தான் போறேன். எழுதுங்க."

டீச்சர் எழுதினார். 'மாமியார்.' கட்டத்துக்குள் அடங்கவில்லை. இரண்டு பக்கமும் கோட்டைத் தாண்டி நின்றது.

போஸ்ட் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து மேல் ஆபீஸுக்குப் பேசினார். அதிகம் கேட்டார், குறைவாகப் பேசினார். வைத்துவிட்டு இருவரையும் பார்த்தார்.

"சாட்சி விதி மேலதிகாரிக்குப் பொருந்தாதாம். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு அவரே வர்றாராம். சாட்சியா."

"பெட்டி வெக்கணும்னு எழுதறாரே, அவரா?" என்றார் டீச்சர்.

"அவரேதான். படி எத்தனைன்னு கேட்டார். நூத்தி எண்பத்தாறுன்னேன். லிஃப்ட் இருக்கான்னு கேட்டார்."

டீச்சர் சிரித்துவிட்டார். மருமகள் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை.

"சிரிக்காதீங்க டீச்சர். பெட்டிக்கு இடம் அளக்கிற ஆளையும் கூட்டிட்டு வர்றாராம். நாளைக்கே அளந்துடுவாங்களாம்."

மருமகள் எழுந்தாள். பிற்பகல் தபால் மேசையில் கொட்டிக் கிடந்தது. மேட்டுத் தெருவுக்கானதைப் பொறுக்கி எடுத்து, மூன்று கட்டாகப் பிரிக்கத் தொடங்கினாள்.